கொய்யா இலை வாசனை குறித்து மச்சானுக்கு

முருகன் துணை

திருப்போரூர்,
ஆவணி மாதக் கடைசி, 2003.

மேன்மை பொருந்திய மச்சான் திரு. சதாசிவம் அவர்களுக்கு, தங்கள் தங்கை சரோஜாவைக் கட்டிய செங்கல்வராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் மனைவியான தங்கச்சி வசுமதியும், ஹார்டுவேர் கடையும், ஆடி பிறந்ததிலிருந்து தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் சுகமாக இருக்கத் திருப்போரூர் முருகனைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் தினமும் குளத்தைச் சுற்றி நடக்கிறேன், ஆகவே கேட்பதற்கு நேரமும் நிறைய இருக்கிறது.

கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடாமல் கடைக்குப் போட்டதற்கு மன்னிக்கவும். வீட்டுக்குப் போட்டால் சரோஜா கையில் சிக்கி அடுப்புக்குள் போய்விடும். போனில் பேசலாம் என்றால் தங்கள் வீட்டு போனை எடுப்பதே அவள்தான். என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். கடைக்கு போன் செய்தால் தாங்கள் ஆணி எடை போட்டுக்கொண்டே "ம், ம்" என்கிறீர்கள். அந்த "ம்" எனக்கா, ஆணி வாங்க வந்தவருக்கா என்று தெரிவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். விஷயம் ஒன்றே ஒன்றுதான் மச்சான். நான் குடிப்பதில்லை. நேற்றும் குடிக்கவில்லை, அதற்கு முன்னாலும் குடித்ததில்லை. இதைச் சரோஜாவிடம் நான் சொன்னால் எடுபடவில்லை, தாங்கள் சொன்னால் எடுபடும். தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லி அவளைத் திருப்போரூருக்கு அனுப்பி வைக்க வேண்டும். ஆடியில் அவள் பெட்டியோடு கிளம்பியபோது பக்கத்து வீட்டு ஞானம்மாள், "இன்னா சரோ, இந்த வயசுல ஆடிக்கு அம்மா வூட்டுக்கா?" என்று சிரித்தாள். ஆடியும் போய் ஆவணியும் போகிறது. ஞானம்மாள் இப்போது சிரிப்பதில்லை, என்னைப் பார்த்தால் வாசல் கதவைச் சாத்துகிறாள்.

இது தொடங்கியது, யாருக்கும் எந்த நோவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில். நான் தரகு பார்க்கும் மனைப்பிரிவின் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. சென்னையிலிருந்து வேனில் மனை பார்க்க வருகிறவர்களுக்கு மதியம் பிரியாணியோடு இலவச ரத்தப் பரிசோதனையும் செய்து கொடுத்தால் கூட்டம் அள்ளும் என்றார். கூட்டம் வந்தது. பிரியாணியை அள்ளியது. ஊசியைப் பார்த்ததும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஷாமியானாவின் கீழே ரத்தம் எடுக்க வந்தவர் வெறும் கையோடு நிற்க, போட்டோ எடுக்க வந்தவர் எதை எடுப்பது என்று முழிக்க, முதலாளி என்னையும் முத்துசாமியையும் பார்த்து, "இன்னாய்யா சொம்மா நின்னுகினு கீறீங்க? ரெண்டு பேரும் கைய நீட்டுங்கய்யா, கூட்டம் மாதிரி தெரியட்டும்" என்றார். கூட்டமாகத் தெரிவதற்காக நான் ரத்தம் கொடுத்தேன் மச்சான். முத்துசாமியைத் தங்களுக்குத் தெரியும், என்னோடு தரகு பார்க்கிறவன், சாயங்காலம் ஒயின் ஷாப் ஷட்டரை அவன் முகத்தில்தான் திறப்பார்கள். ரிப்போர்ட் வந்தது. முத்துசாமிக்கு எல்லாம் சுத்தம். எனக்கு எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. அது ஈரலிலிருந்து கசிகிற ஏதோ ஒரு சத்தாம். முத்துசாமி என் தோளில் கை போட்டு, "மச்சி, நீ இன்னா பிராண்டு?" என்று கேட்டான்.

கேளம்பாக்கத்தில் டாக்டர் வைஷாலி என்று ஓர் அம்மா இருக்கிறார்கள், சின்ன வயசு, நிதானமாகப் பேசுவார்கள். சரோஜாவோடு போனேன். "குடிப்பீங்களா?" என்றார்கள். இல்லை என்றேன். "எப்பவாவது, விசேஷத்துக்கு?" இல்லை என்றேன். "சரி, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. மனை காட்டப் போனால் பார்ட்டியோடு தரகனும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தரகன் வாயில் சோறு போனால்தான் பார்ட்டிக்கு மண் மேல் நம்பிக்கை வரும். காலை வேனுக்குப் பொங்கல் வடை, மதிய வேனுக்குப் பிரியாணி, சாயங்கால வேனுக்கு வெங்காய பஜ்ஜியும் டீயும், பத்திரம் பதிவானால் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலிலேயே ஜாங்கிரி. எழுதிக்கொண்டே வந்த டாக்டரம்மா ஜாங்கிரியில் பேனாவை மூடிவிட்டார்கள். "உங்க ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு சார். இனிப்பு, ஜூஸ், எண்ணெயில பொரிச்சது, மைதா, இதையெல்லாம் நிறுத்துங்க. சோத்தைப் பாதியாக்கி காய், கீரை, பருப்பு சேருங்க. மீன் குழம்பு சாப்பிடலாம், வறுத்தது வேணாம். தினமும் நடங்க. குடியைத் தொடவே கூடாது. நாட்டு மருந்துன்னு நீங்களா எதையும் குடிக்காதீங்க. ஈரல் பொறுமையான உறுப்பு. நாம உபத்திரவம் பண்ணாம இருந்தாலே இறங்கிடும்" என்றார்கள். மாத்திரைகூட எழுதவில்லை. இவ்வளவு சுலபமான விஷயத்தை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் மிச்சக் கடிதம்.

டாக்டரம்மா சொன்னதில் சரோஜா காதில் விழுந்தது இரண்டே சொல், ஈரலும் குடியும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், "முத்துசாமி தெனம் குடிக்கிறான், அவனுக்கே நல்லா கீது. ஒங்களுக்குக் கெட்டுப் பூட்சின்னா, அப்ப நீங்க எவ்ளோ குடிக்கிறீங்க?" என்றாள். கணக்காகப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது மச்சான். அவளுடைய நைனா, தங்கள் தகப்பனார் எல்லப்பன் மாமா, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்திருக்கிறாள். சாராயம் குடித்துவிட்டு வரும் மனிதனிடம் கேட்கப் பயந்து தங்கள் அம்மா இந்தக் குழந்தையைத்தான் கதவுக்கு அனுப்புவாராம். இவள் போய், "ஊது நைனா" என்பாளாம். அவர் ஊதுவாராம். பாடையைத் தூக்கிய அன்று தாங்கள் ஏரிக்கரையில் அவள் கையைப் பிடித்து, "இந்தக் கருமத்த நான் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் சரோ" என்று சத்தியம் செய்தீர்களாம். கல்யாணமான வாரத்தில் மற்ற பெண்கள் பிறந்த வீட்டு நகையைப் பற்றிப் பேசுவார்கள்; சரோஜா தன் அண்ணனுடைய சத்தியத்தைப் பற்றிப் பேசினாள். அப்படிப்பட்டவள் முன்னால் நான் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து வாசலில் எனக்கும், "ஊதுங்க" ஆரம்பித்தது. பேத்தி எடுத்த மனிதன், பேங்க் லோன் பார்ட்டியெல்லாம் சார் என்று கூப்பிடுகிறவன், தெருவே பார்க்க என் வீட்டு வாசற்படியில் நின்று பெண்டாட்டி முகத்தில் ஊதினேன்.

இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஈரல் என்றால் நம் பக்கத்தில் ஒரே வியாதிதான், காமாலை. எனக்குக் காமாலை என்று தெருவில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை; மறுநாள் காலையில் ஞானம்மாள் ஒரு செம்பு கரும்புச் சாறோடு வந்து நின்றாள். "காமாலைக்கு இத வுட்டா மருந்து கெடையாது, கல்லு மாதிரி எறங்கிடும்" என்றாள். மதியம் என் மருமகன் வீட்டார் குளுக்கோஸ் டப்பாக்களோடு வந்தார்கள். சாயங்காலம் எதிர் வீட்டார் இளநீர்க் குலையைத் திண்ணையில் சாய்த்துவிட்டுப் போனார்கள். வேண்டா என்று பெயருள்ள ஒரு அம்மா, கீழாநெல்லி கொடுப்பதில் பேர் போனவள், அரைத்து உருட்டி மோரில் கலக்கி நான் விழுங்கும்வரை நகரவில்லை. டாக்டரம்மா சர்க்கரை கூடாது என்றார்களே என்று சொல்லிப் பார்த்தேன். "அது டீக்குப் போடற சர்க்கரைடா, கரும்பு வேற" என்றாள் ஞானம்மாள். சரோஜாவும் அப்படித்தான் நம்பினாள். தன் நைனாவுக்கு யாரும் காலத்தில் கொடுக்காததையெல்லாம் எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். காலையில் பெரிய டம்ளர் கரும்புச் சாறு, பத்து மணிக்குக் குளுக்கோஸ், உச்சி வெயிலுக்கு இளநீர். சாப்பாட்டுக்கு உப்பில்லை, புளியில்லை, காரமில்லை, எண்ணெய் வாசனையே இல்லை, வெறும் குழைந்த சோற்றுக் கஞ்சி. நான் அதைக் குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து அவளும் அதையே குடித்தாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள் அவள், தங்களுக்குத் தெரியும். "ஒனக்கு எதுக்குடி இது?" என்று கேட்டேன். "நீங்க நாக்கு செத்துக் கெடக்கும்போது நான் மட்டும் ருசியா துன்னா நல்லாவா கீது?" என்றாள். மச்சான், அவள் குடித்த அந்தக் கஞ்சியை இப்போதுதான் நினைக்கிறேன். அப்போது எனக்குப் பசித்தது.

பசித்தவன் என்ன செய்வான்? மனைப்பிரிவில் சாயங்கால வேன் வரும். பஜ்ஜி வரும். முதலில் பார்ட்டிக்காக ஒன்று எடுத்தேன். அப்புறம் பார்ட்டி வைத்துவிட்டுப் போனதையும் எடுத்தேன். அப்புறம் பார்ட்டி வராத நாளிலும் பஜ்ஜிக்காரனை வரச் சொன்னேன். வீட்டில் கரும்புச் சாறு, வெளியே பஜ்ஜி. என் ஈரலுக்கு இரண்டு பக்கமும் உதை. வாசலில் போய் ஊதினால் வெங்காயமும் கடலை எண்ணெயும் தெரிந்துவிடுமே, அதற்குத்தான் கொய்யா இலை. மாடல் ப்ளாட்டில் அலங்காரத்துக்கு நட்ட கொய்யா மரத்திலிருந்து இரண்டு கொழுந்தைக் கிள்ளி மென்றுகொண்டு வருவேன். போகப் போக அந்த மரத்துக்குக் கீழ்க்கிளைகளில் இலையே இல்லாமல் போய், ஒரு பார்ட்டி, "மண்ணு ஏதாவது உப்பா சார்?" என்று கேட்டுவிட்டார். இந்த இலை வைத்தியம் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள், ஏனென்றால் சொல்லிக் கொடுத்ததே தாங்கள்தான். என் மகள் ஜோதிலட்சுமியின் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் தாங்கள் இலை கிள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் கேட்டபோது, "பீடி நாத்தம் தெரியாது மச்சான். வசுமதி கண்டுபுடிச்சா பேஜாரு" என்று சொன்னீர்கள். பீடி வாசனையை மறைக்கும் இலை பஜ்ஜி வாசனையை மறைக்காதா என்று நானாக யோசித்துக்கொண்டதுதான் தவறு.

இரண்டாவது பரிசோதனைக்கு ஆனி கடைசியில் போனோம். சரோஜா கோயிலுக்குப் போவதுபோல் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பத்தியத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "குறையலையே சார். நூத்தம்பதைத் தாண்டியிருக்கு. மறைக்காம சொல்லுங்க, குடிக்கிறீங்களா?" என்றார்கள். பஜ்ஜி தின்றேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்றே எழுத்துள்ள ஒரு பலகாரத்தின் பெயர் என் வாயில் வரவில்லை. பக்கத்தில் உப்பில்லாக் கஞ்சி குடித்து இளைத்துப் போன பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், அவள் முன்னால் எப்படிச் சொல்வது? "இல்லீங்க மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையை யார் நம்புவார்கள்? அன்று சாயங்காலம் மனசு கெட்டு, வழக்கத்தைவிட நாலு பஜ்ஜி கூடுதலாகத் தின்று, வழக்கத்தைவிட நாலு இலை கூடுதலாக மென்று வீட்டுக்குப் போனேன். சரோஜா வாசலில் நின்றாள். ஊதச் சொல்லவில்லை. தானாக முகத்தை என் வாய் அருகே கொண்டுவந்தாள். பிறகு பின்னால் நகர்ந்தாள். "எங்க நைனா வாயிலயும் இந்தக் கொய்யா எலதான் வாசன வரும். நைனா வாசனையே அதான்னு சின்னப் புள்ளையில நெனச்சிகினு இருந்தேன். அப்பறந்தான் தெரிஞ்சிது அது எதுக்குன்னு" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "இன்னொரு வாட்டி என்னால முடியாதுங்க" என்று மட்டும் சொன்னாள். ஆடி பிறந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் வந்து சேர்ந்துவிட்டாள். அந்த இலைக்கு அப்படி ஒரு வரலாறு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும் மச்சான். நான் பீடி சமாசாரம் என்றே நினைத்திருந்தேன்.

அவளை அழைத்துவர நான் கோவளம் வந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நடந்துகொண்ட விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சரோஜா உள் அறையிலிருந்தே, "எங்க அண்ணன் மாதிரி ஒரு மனுசன் ஒலகத்துல கீறாரா? சத்தியம் பண்ணாரு, அந்தத் தெச பக்கம் போனாரா? அண்ணன் காலக் கழுவிக் குடிக்கச் சொல்லு இவர" என்று வசுமதியிடம் சொன்னது எனக்கும் கேட்டது, தங்களுக்கும் கேட்டிருக்கும். தாங்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வசுமதி வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தது. நான் டாக்டர் சொன்ன அளவுக்குத் தின்றேன். தாங்கள் இரண்டு வாய் வைத்துவிட்டு, "வயிறு மந்தமா கீது" என்று எழுந்துவிட்டீர்கள். மீனைக் கண்டால் முள்ளைக்கூட விடாதவர் தாங்கள். சட்டை தோளில் தொளதொளவென்று இருந்தது, வயிற்றில் மட்டும் பட்டன் இழுத்துக்கொண்டிருந்தது. கண் மஞ்சளாகத் தெரிந்தது, கடையில் பெயிண்ட் தூசியோ என்னவோ. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து, "நீ போ மச்சான், நான் பக்குவமா சொல்லி அனுப்பறேன்" என்றீர்கள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தீர்கள். பீடிதானே, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து நான் தனிக் குடித்தனம். முதல் காரியமாக ஞானம்மாளின் கரும்புச் சாற்றைத் திருப்பி அனுப்பினேன். அவள் கதவைச் சாத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், தலையைக் குனியாமல், பஜ்ஜி, கரும்புச் சாறு, குளுக்கோஸ், கீழாநெல்லி, கொய்யா இலை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "பஜ்ஜியைக்கூட விடுங்க சார், அந்தக் கரும்புச் சாறு போதும்" என்றார்கள். இப்போது நானே சமைக்கிறேன். சுரைக்காய்க் கூட்டு முதல் தடவை கருகியது, இரண்டாம் தடவை வேகவில்லை, மூன்றாம் தடவை வெந்தது, அதில் போட்ட பருப்பு வேகவில்லை. முருங்கைக் கீரை உருவக் கற்றுக்கொண்டேன். உப்பு போட்டுத்தான் சாப்பிடுகிறேன், அளவாகப் போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த உப்பு நாக்கில் படும்போதெல்லாம் சரோஜா குடித்த கஞ்சிதான் ஞாபகம் வருகிறது. தொழில்தான் படுத்துவிட்டது. மனை காட்டப் போகிறேன், பிரியாணி வருகிறது, நான் டிபன் பாக்ஸில் கேழ்வரகு ரொட்டியைத் திறக்கிறேன். போன வாரம் தாம்பரத்துப் பார்ட்டி ஒருத்தர், கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை வைத்துவிட்டு, "நீங்களே இங்க கை நனைக்க மாட்றீங்களே, எடத்துல இன்னா வில்லங்கம்?" என்று கேட்டார். வில்லங்கம் இடத்தில் இல்லை சார், என் ஈரலில் என்றேன். அவர் முத்துசாமியிடம் போய் வேறு மனை வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் மச்சான், பலன் இருக்கிறது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, கயிறு கட்டுகிறேன். மூன்றாவது ரிப்போர்ட் முந்தாநாள் வந்தது, அறுபத்து நாலு. டாக்டரம்மா, "இப்படியே போனா பொங்கலுக்குள்ள நார்மல்" என்று சொல்லிக் கை குலுக்கினார்கள். அந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன். குடிக்கிறவனுக்கு இப்படி இறங்குமா என்று தாங்கள் சரோஜாவைக் கேட்க வேண்டும். என் வாயில் வந்த இலை வாசனை பஜ்ஜிக்காக வந்தது, அதைச் சொல்லிக் கொடுத்தது தாங்கள்தான், தாங்களும் அதைப் பீடிக்காகத்தான் மெல்லுகிறீர்கள் என்று கூச்சப்படாமல் எடுத்துச் சொன்னால் அவள் மனசு மாறும். தங்கள் வார்த்தை அவளுக்கு வேதம். நான் பொய் சொன்னது உண்மை. அவள் ஊதச் சொன்னபோதெல்லாம் ஏமாற்றினேன், அதற்கு அவள் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இருக்கட்டும், ஆனால் இந்த வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். வாசலில் ஊதச் சொல்ல ஆள் இல்லாமல் வீட்டுக்குள் போவது எனக்குப் பழகவில்லை.

வசுமதிக்கு என் ஆசி. கடையில் வியாபாரம் பெருகி, தாங்கள் நூறாண்டு நோய் நொடியின்றி வாழ முருகனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
ஏ. செங்கல்வராயன்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நூறாண்டு நோய் நொடியின்றி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மேலே இத்தனை பக்கம் எழுதியது இதை எழுதப் பயந்துகொண்டுதான் சதா. தாங்கள் கீங்கள் எல்லாம் போதும், திருப்போரூர் ஸ்கூலில் ஒன்றாகப் படித்தபோது கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். அது பீடி இல்லை. ஏரிக்கரைச் சத்தியம் எப்போது உடைந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. முந்தாநாள் ரிப்போர்ட் வாங்கியபோது டாக்டரம்மாவிடம், எனக்குத் தெரிந்த ஒருத்தர், கண் மஞ்சள், சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்து வயிறு மட்டும் நிற்கிறது, கொய்யா இலை மெல்லுகிறார், அவருக்கும் இந்தப் பத்தியத்தையே சொல்லலாமா என்று கேட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "பத்தியமெல்லாம் உங்களுக்கு. அவரை உடனே கூட்டிட்டு வாங்க. வீட்டுலயே திடீர்னு நிறுத்துறேன்னும் கிளம்ப வேணாம், அது ஆபத்து. இங்க வரட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றார்கள். இப்போது வந்தால் வழி இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதை மட்டும் நீ காதில் வாங்கிக்கொள்.

ஆகவே மேலே கேட்டது எதையும் செய்யாதே. என் இலைக்கதையைச் சரோஜாவிடம் சொன்னால், அவள் அடுத்த நிமிஷம் உன் முகத்தருகே வந்து நிற்பாள். நைனாவுக்கு அப்புறம் அவளுக்கு என்று இருந்தது உன் சத்தியம் ஒன்றுதான். அது போக வேண்டுமானால் நீ பிழைத்து எழுந்து, நீயே அவளுக்குச் சொல்லும்போது போகட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் போடு. ஜெராக்ஸையும் போடு. சரோஜாவிடம், செங்கல்வராயன் குடிப்பதை ஒத்துக்கொண்டான், காலில் விழுந்து அழுதான், திங்கட்கிழமை டாக்டரிடம் போகத் துணைக்குக் கூப்பிடுகிறான் என்று சொல். உடனே அனுப்பி வைப்பாள், போகும்போது எனக்கு ரெண்டு திட்டும் சொல்லி அனுப்புவாள், அதையும் மறக்காமல் வந்து சொல். நீ தேறும்வரை நம் குடும்பத்துக்குக் குடிகாரன் நான்தான். ஞானம்மாள் ஏற்கெனவே கதவைச் சாத்திவிட்டாள், எனக்குப் புதிதாக ஒரு நஷ்டமும் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு வா. டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள், தலையைக் குனியாமல் பதில் சொல். வரும்போது எதையும் மென்றுகொண்டு வராதே.